புதிய மொழியா, நிலைத்த மொழியா? ஒரு புராஜெக்டுக்கு நிரலாக்க மொழியைத் தேர்ந்தெடுக்கும் முறை

நிரலாக்க மொழி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அந்த மொழி மட்டும் தனியாக வருவதில்லை. டேட்டாபேஸோடு பேச உதவும் டிரைவர், பிழை தேடும் டீபக்கர், பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடும் ஆட்கள், முன்னால் போனவர்கள் தடுக்கி விழுந்து பதில் எழுதிவைத்த பிழைச் செய்திகள் எல்லாம் கூடவே வருகின்றன. நிலைத்த மொழியின் வழியில் இருந்த பள்ளங்களில் பெரும்பாலானவற்றை மற்றவர்கள் எப்போதோ நிரப்பிவிட்டார்கள். புதிய மொழியில் மிச்சமிருக்கும் பள்ளங்களை உங்கள் குழுதான் நிரப்ப வேண்டும். அதனால் எது நல்ல மொழி என்று வாதிடுவதில் பயனில்லை. எத்தனை பள்ளங்கள், எவ்வளவு ஆழம், அந்த உழைப்புக்கு ஈடாக மொழி என்ன தருகிறது என்று கணக்குப் போட வேண்டும். நான்கைந்து பேர் கொண்ட குழு இந்தக் கணக்கை மூன்று வாரத்தில் போட்டுவிடலாம்.

சில இடங்களில் கணக்கே தேவையில்லை. பிரவுசரில் ஓடுவது ஜாவாஸ்கிரிப்ட். டைப்ஸ்கிரிப்ட் கடைசியில் அதுவாகவே மாறுகிறது. ஆண்ட்ராய்டு ஆப்புக்கு கோட்லின், ஐபோன் ஆப்புக்கு ஸ்விஃப்ட், இயந்திரக் கற்றல் மாடலைப் பயிற்றுவிக்க பைத்தான். தளமே முடிவெடுத்துவிட்ட இடத்தில் அதை எதிர்த்து நீந்த வலுவான காரணம் வேண்டும்.

வயதைப் பார்த்து ஏமாற வேண்டாம்

எந்த ஆண்டில் பிறந்தது என்பதை வைத்து மொழியைப் புதியது, பழையது என்று பிரிப்பது தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். கோட்லின் 1.0 வந்தது 2016-இல். ஆனால் அது ஜாவாவின் மெய்நிகர் இயந்திரத்தில் ஓடுகிறது, ஜாவா லைப்ரரிகளை (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளை) நேரடியாக அழைக்கிறது. மொழி இளசு, அடித்தளம் முதிர்ந்தது. எலிக்ஸிரும் அப்படித்தான்: 1.0 வந்தது 2014, ஓடுவது 1980-களில் தொடங்கிய எர்லாங்கின் இயந்திரத்தில். இதற்கு மாறாக ஸிக் போன்ற மொழி இன்னும் 1.0-ஐ எட்டவில்லை, மொழியின் இலக்கணமே பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது.

ஆகவே நான்கு வயதுகளைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: மொழியின் வயது, அது ஓடும் தளத்தின் வயது, உங்களுக்குத் தேவையான லைப்ரரிகளின் வயது, உங்கள் குழுவின் அனுபவம். இதில் நான்காவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். உலகத்துக்கு முப்பது வயதான ஜாவா, பைத்தான் மட்டுமே எழுதிய குழுவுக்குப் புதிய மொழிதான்.

காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"இப்போதைய மொழியில் இன்னது முடியாது, புதிய மொழியில் முடியும்." இந்த வாக்கியத்தை நிரப்ப முடியாவிட்டால் மேற்கொண்டு போகத் தேவையில்லை, பழகிய மொழியிலேயே எழுதுங்கள். எழுத்து அழகாக இருக்கிறது, வரிகள் குறைகின்றன என்பவை உண்மையான மகிழ்ச்சிகள்தான். ஆனால் அவை மட்டும் ஒரு டிரைவரைச் சொந்தமாக எழுதும் உழைப்பை ஈடுகட்டாது.

உறுதியான காரணம் எப்படி இருக்கும்? நினைவகப் பாதுகாப்பை, அதாவது நிரல் தொடக்கூடாத நினைவகத்தைத் தொடாமல் மொழியே தடுப்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் தன் தயாரிப்புகளில் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகப் பிழைகளால் வருபவை என்று 2019-இல் சொன்னது. ஆண்ட்ராய்டில் 2019-இல் 76 சதவீதமாக இருந்த அதே விகிதம் 2024-இல் 24 சதவீதமாக இறங்கியது. பழைய நிரலை எல்லாம் திருப்பி எழுதியதால் அல்ல, புதிதாக எழுதுவதை ரஸ்ட் போன்ற நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளுக்கு நகர்த்தியதால். சி அல்லது சி பிளஸ் பிளஸில் வெளியுலகத் தரவைப் பிரித்துப் படிக்கும் நிரல் எழுதுபவருக்கு இது அளந்து காட்டக்கூடிய காரணம்.

இன்னொன்று, டிஸ்கார்ட் நிறுவனம் 2020-இல் விளக்கிய மாற்றம். எந்தச் செய்தி வரை ஒருவர் படித்திருக்கிறார் என்பதைக் காக்கும் சேவை கோ மொழியில் இருந்தது. நினைவகத்தில் கோடிக்கணக்கான பதிவுகளை வைத்திருந்ததால், கோ குறைந்தது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கட்டாயமாக நடத்தும் குப்பை சேகரிப்பு (பயன்படாத நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் வேலை) ஒவ்வொரு தடவையும் தாமதத்தை எகிறவைத்தது. குப்பை சேகரிப்பே இல்லாத ரஸ்டில் அதை மாற்றி எழுதினார்கள். கவனியுங்கள்: மாறியது ஒரு சேவை, அதற்குக் காரணம் அளந்து கண்ட ஒரே தடங்கல்.

வேகம் என்று பொதுவாகச் சொல்லப்படும் காரணத்தை எப்போதும் சோதித்துப் பாருங்கள். ஒரு கோரிக்கைக்கு 100 மில்லிவிநாடி ஆகிறது, அதில் 85 டேட்டாபேஸ் பதிலுக்காகக் காத்திருப்பது என்று வைத்துக்கொள்வோம். மிச்சமுள்ள 15-ஐ ஐந்து மடங்கு வேகமான மொழியில் எழுதினால் 3 ஆகும். மொத்தம் 88. பல மாத உழைப்புக்கு 12 சதவீதம். அதே டேட்டாபேஸ் அட்டவணையில் தேடலை விரைவாக்கும் சரியான இண்டெக்ஸ் ஒன்று சேர்த்தால் 85 என்பது 10-க்கு இறங்கக்கூடும், அது அரை நாள் வேலை. மொழியை மாற்றும் பேச்சுக்கு முன்னால், நேரம் எங்கே போகிறது என்று காட்டும் புரொஃபைலர் ஓட வேண்டும்.

கூடவே இன்னொரு சோதனை: நீங்கள் தேடும் வசதி பழைய மொழிக்கே வந்துவிட்டதா? உங்களுக்குத் தெரிந்த ஜாவா 8-ஆவது பதிப்போடு நின்றிருக்கலாம், ஜாவா அங்கே நிற்கவில்லை. 2023-இல் வந்த 21-ஆவது பதிப்பில் லட்சக்கணக்கான இலகு இழைகளை (ஒரே சமயத்தில் ஓடும் வேலைகளை) ஓட்டும் வசதி இருக்கிறது. ஒரே நிரலைப் பல தரவு வகைகளுக்குப் பயன்படுத்தும் ஜெனரிக்ஸ் கோவுக்கு 2022-இல் வந்தது. பைத்தான் 3.13, ஒரே சமயத்தில் ஒரு இழைதான் ஓடலாம் என்ற பூட்டு இல்லாத பதிப்பைச் சோதனை முறையில் 2024-இல் கொண்டுவந்தது. காபிஸ்கிரிப்டின் கதை இதற்கு நல்ல எச்சரிக்கை. 2009-இல் வந்த அந்த மொழி ஜாவாஸ்கிரிப்டின் குறைகளை அழகாக மறைத்தது. 2015-இல் ஜாவாஸ்கிரிப்டின் புதிய தரம் அம்புக்குறி ஃபங்ஷன்கள், கிளாஸ்கள் போன்ற வசதிகளைத் தானே எடுத்துக்கொண்டதும், காபிஸ்கிரிப்டைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணமே கரைந்துபோனது. நிரல் மட்டும் மிஞ்சியது. எழுத்து வசதிக்காக மட்டும் வரும் மொழியைப் பழைய மொழி விழுங்கிவிடும். ரஸ்டின் நினைவக உரிமை விதிகள் (எந்தத் தரவு நிரலின் எந்தப் பகுதிக்குச் சொந்தம் என்பவை) போல அடிப்படையே வேறான ஒன்றை அவ்வளவு எளிதில் விழுங்க முடியாது.

சார்புப் பட்டியல்: பள்ளங்களை எண்ணும் இடம்

இதுதான் முழு வேலையின் நடுநாயகம், இதில் அவசரப்படாதீர்கள். உங்கள் நிரல் வெளியே தொடப்போகும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள்: டேட்டாபேஸ், செய்தி வரிசை, உள்நுழைவுச் சேவை, பணப் பரிமாற்றச் சேவை, கிளவுட் நிறுவனத்தின் எஸ்டிகே (அதன் சேவைகளை அழைக்கும் லைப்ரரித் தொகுப்பு), மின்னஞ்சல், எக்செல் படித்தல், பிடிஎஃப் எழுதுதல், நேர மண்டலங்கள், நிரலின் ஓட்டத்தைக் கண்காணிக்க உதவும் லாக், மெட்ரிக்ஸ், டிரேசிங். சாதாரண வணிக நிரலுக்கே 12 முதல் 20 வரிகள் வரும்.

ஒவ்வொரு வரிக்கும் அந்த மொழியின் லைப்ரரியைத் தேடி ஐந்து விவரங்கள் குறியுங்கள்.

1. யார் பராமரிக்கிறார்கள்? டேட்டாபேஸ் நிறுவனமே வெளியிடுகிறதா, ஒரு தனிநபரா? தனிநபரானால் வெளியீட்டு உரிமை வேறு யாருக்காவது உண்டா?
2. கடைசி வெளியீடு எப்போது? ஓராண்டுக்கு மேல் அமைதி என்றால், வேலை முடிந்து அமைதியா, கைவிடப்பட்ட அமைதியா என்று பாருங்கள். பதில் வராத பிழைப் புகார்கள் அதைச் சொல்லிவிடும்.
3. பதிப்பு எண் 1.0-ஐத் தாண்டியதா? தாண்டாத லைப்ரரி அடுத்த வெளியீட்டிலேயே அழைப்பு முறையை மாற்றலாம்.
4. டிஎல்எஸ் மறையாக்கம், பதில் வராவிட்டால் நிறுத்தும் டைம்அவுட், இணைப்பு அறுந்தால் மறுமுயற்சி, திறந்த இணைப்புகளைச் சேர்த்துவைக்கும் கனெக்‌ஷன் பூல் இவை உள்ளனவா? விளக்கக் குறிப்பில் இருப்பதை நம்பாமல் டெஸ்ட் நிரலில் தேடுங்கள்.
5. அது தன் பங்குக்கு எத்தனை லைப்ரரிகளை இழுத்துவருகிறது? ரஸ்டில் கார்கோ ட்ரீ, கோ மொழியில் கோ மாட் கிராஃப், ஜாவாஸ்கிரிப்டின் நோடில் என்பிஎம் எல்எஸ் (--all சேர்த்து) ஆகிய கட்டளைகள் முழு மரத்தையும் காட்டும்.

கிட்ஹப் போன்ற தளங்கள் லைப்ரரிக்குக் காட்டும் நட்சத்திர எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். பிடித்துப்போய் ஒருமுறை அழுத்தியவர்களின் கணக்கு அது. இரவு இரண்டு மணிக்கு அந்த லைப்ரரியை நம்பியிருப்பவர்களின் கணக்கு அல்ல. மூடப்பட்ட பிழைப் புகார்களில் கடைசி இருபதைத் திறந்து, முதல் பதில் வர எத்தனை நாள் ஆனது என்று பார்த்தாலே உண்மை நிலை தெரிந்துவிடும்.

பிறகு ஒவ்வொரு வரிக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு. அதிகாரபூர்வமானது அல்லது பலர் பராமரிக்கும் 1.0 தாண்டிய லைப்ரரி பச்சை. வேலை செய்கிறது, ஆனால் ஒருவரை நம்பியிருக்கிறது என்றால் மஞ்சள். இல்லவே இல்லை, நாமே எழுத வேண்டும் என்றால் சிவப்பு. 15 வரிகளில் 12 பச்சைக்குக் குறையாமலும் சிவப்பு ஒன்றுக்கு மிகாமலும் இருந்தால் மேலே போகலாம் என்பது எங்கள் அளவுகோல். அந்த ஒரு சிவப்பு நிரலின் மையத்தில் இருந்தால், மற்ற எல்லாம் பச்சையாக இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

சிவப்பின் விலையைக் குறைத்து மதிப்பிடுவதே பல முயற்சிகளைக் கவிழ்க்கிறது. டேட்டாபேஸ் டிரைவர் ஒன்றை ஒரு வாரத்தில் ஓடவைத்துவிடலாம். கேள்வி போகும், பதில் வரும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை: சர்வர் பாதியில் இணைப்பை முறித்தால் பூலில் உள்ள செத்த இணைப்பைக் கண்டுபிடிப்பது, நேர மண்டலமில்லாத தேதியைச் சரியாகப் படிப்பது, பெரிய பதிலை மொத்தமாக நினைவகத்தில் ஏற்றாமல் துண்டு துண்டாக வாங்குவது, சான்றிதழ் மாறும்போது நின்றுபோகாமல் இருப்பது. இவை ஒவ்வொன்றும் பயனர்கள் உண்மையாகப் பயன்படுத்தும் புரொடக்‌ஷனில்தான் தலைகாட்டும்.

சி லைப்ரரி இருக்கிறதே, அதை அழைத்துக்கொள்ளலாம் என்பது அடுத்த எண்ணம். செய்யலாம், ஆனால் எல்லையில் மூன்று சிக்கல்கள் வரும். ஒதுக்கிய நினைவகத்தை எந்தப் பக்கம் விடுவிப்பது என்பது தெளிவில்லாவிட்டால் கசிவு அல்லது இருமுறை விடுவிப்பு. சி பக்கத்தில் கிராஷ் ஆனால் உங்கள் மொழியின் பிழைத் தடம் கிடைக்காது. ஒரே கட்டளையில் கட்டிக்கொண்டிருந்த பில்டுக்கு இனி ஒவ்வொரு தளத்துக்கும் தனி சி கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) தேவைப்படும். இப்படி ஓர் எல்லை இருந்தால் அந்த வரியை மஞ்சள் என்றே எழுதுங்கள்.

தமிழ் உரையைக் கையாளும் நிரலானால் எழுத்து வசதிக்குத் தனி வரி ஒதுக்குங்கள். "கொ" என்பதன் நீளத்தைக் கேட்டால் கோவின் லென் 6 என்கிறது, அது பைட் கணக்கு. பைத்தான் மொழி அதை 2 என்கிறது, அது யூனிகோட் குறியீடுகளின் கணக்கு. ஸ்விஃப்ட் 1 என்கிறது, அது கண்ணுக்குத் தெரியும் எழுத்து. எதுவும் தவறில்லை, ஆனால் பெயரைப் பத்து எழுத்தோடு வெட்டும் நிரல் கொம்பையோ காலையோ அறுத்துவிடும். அதே "கொ"வை ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாகவும் சேமிக்கலாம். இயல்பாக்கம் (இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றுவது) செய்யாவிட்டால் தேடலில் இரண்டும் ஒன்றாக வராது. பைத்தானில் இதற்கான மாட்யூல் உடனேயே வருகிறது. இளம் மொழியில் அந்த லைப்ரரி இருக்கிறதா என்று பாருங்கள். பிடிஎஃப் லைப்ரரியும் அப்படியே: ஹார்ஃப்பஸ் போன்ற, எழுத்துகளைச் சரியான வரிசையில் அடுக்கும் நிரல் உள்ளே இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் அச்சாகும்.

இதே பட்டியலை நிலைத்த மொழிக்கும் போடுங்கள். அங்கே எல்லாம் பச்சை என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். கைவிடப்பட்ட லைப்ரரிகள் பழைய மொழிகளில்தான் ஏராளம். 2021 டிசம்பரில் லாக்4ஜே லைப்ரரியில் வெளிப்பட்ட ஓட்டை, ஜாவா உலகம் முழுவதும் பல ஆண்டுகளாக நம்பிய ஒன்றில் இருந்தது. வேறுபாடு என்னவென்றால், பலரும் பார்த்துக்கொண்டிருந்ததால் திருத்தமும் பாதிப்பைக் கண்டறியும் கருவிகளும் நாள் கணக்கில் வந்தன. ஒருவர் மட்டும் பராமரிக்கும் லைப்ரரியில் அந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

மொழி உங்கள் காலடியில் நகருமா?

1.0 என்பது வெறும் எண் அல்ல, அதனோடு வரும் வாக்குறுதியைப் படியுங்கள். 2012-இல் கோ 1.0 வந்தபோது, கோ 1-க்கு எழுதிய நிரல் பிந்தைய கோ 1 பதிப்புகளிலும் கம்பைல் ஆகி ஓடும் என்று எழுதிக்கொடுத்தார்கள். 2015-இல் 1.0 ஆன ரஸ்ட், இணக்கத்தை உடைக்கும் மாற்றங்களை 2018, 2021, 2024 என்று தனி எடிஷன்களில் அடைக்கிறது. பழைய எடிஷனில் எழுதியது இன்றைய கம்பைலரிலும் கட்டப்படும். ஸ்விஃப்ட் 2014-இல் அறிமுகமாகி, 2016-இன் 3-ஆம் பதிப்பில் எழுத்து முறையையே பெரிதாக மாற்றியது. பைனரி இணக்கம் (வெவ்வேறு பதிப்புகளில் கம்பைல் செய்தவை சேர்ந்து இயங்குவது) 2019-இன் 5-ஆம் பதிப்பில்தான் நிலைத்தது. ஸிக்கில் முன்பு இருந்த ஏசிங்க் வசதி (ஒரு வேலை காத்திருக்கும்போது மற்றதைத் தொடர்வது) 2023-இல் வந்த 0.11-இல் இல்லாமல் போனது. அதை நம்பி எழுதியவர்கள் பழைய கம்பைலரில் தங்க வேண்டும் அல்லது நிரலை மாற்ற வேண்டும். 1.0-க்கு முந்தைய மொழிக்கு அந்த உரிமை உண்டு. தெரிந்தே ஏற்றுக்கொள்ளுங்கள்.

நிலைத்த மொழி என்றால் உடையாது என்பதும் இல்லை. பைத்தான் 3.0 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2.7-க்கான ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1-இல். அச்சிடும் கட்டளை முதல் சரங்களின் பைட் கணக்கு வரை மாறியதால் அந்தக் கடப்புக்குப் பதினோரு ஆண்டுகள் பிடித்தன.

இதை அளக்க ஒரு நாள் போதும். அந்த மொழியில் எழுதப்பட்ட, இரண்டு ஆண்டுகள் பழைய, நடுத்தர அளவுத் திறந்த மூல நிரல் ஒன்றை எடுங்கள். அன்றைய நிலையிலேயே, இன்றைய கம்பைலரில் கட்டிப்பாருங்கள். அப்படியே கட்டப்பட்டால் நன்று. பத்து இருபது வரிகள் மாற்ற வேண்டியிருந்தால் பரவாயில்லை. அரை நாள் போராடியும் கட்டப்படவில்லை என்றால், அதே அரை நாள் ஒவ்வொரு பதிப்புக்கும் உங்களிடம் வசூலிக்கப்படும். அதோடு கடைசி நான்கு வெளியீட்டுக் குறிப்புகளைப் படித்து, இணக்கம் உடையும் மாற்றங்கள் எத்தனை என்று எண்ணுங்கள்.

எந்தப் பதிப்புக்கு எவ்வளவு காலம் திருத்தம் வரும் என்பதையும் குறியுங்கள். ஜாவாவில் நீண்ட ஆதரவுப் பதிப்புகள் உண்டு: 8, 11, 17, 21, 25. கோ ஆறு மாதத்துக்கு ஒன்று வெளியிட்டு, கடைசி இரண்டுக்கு மட்டும் திருத்தம் தருகிறது. ரஸ்ட் ஆறு வாரத்துக்கு ஒன்று வெளியிடுகிறது. திருத்தம் வேண்டுமென்றால் புதிய பதிப்புக்கு ஏறித்தான் ஆக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறைதான் சர்வரைத் தொடலாம் என்ற விதியுள்ள இடத்துக்கு இந்த வேறுபாடு பெரியது.

பிறகு, மொழியின் பின்னால் யார்? 2020 ஆகஸ்டில், ரஸ்டை வளர்த்த மொஸில்லா ஆட்குறைப்பு செய்தபோது ரஸ்டின் எதிர்காலம் பற்றிக் கவலை எழுந்தது. 2021 பிப்ரவரியில் பல நிறுவனங்கள் சேர்ந்து தனி அறக்கட்டளை அமைத்ததால் அது தணிந்தது. பிரவுசர் நிரலுக்கான எல்ம் மொழி இன்னொரு பக்கம்: 2018-இன் 0.19 பதிப்பு, சாதாரணப் பயனர்கள் எல்ம் நிரலிலிருந்து ஜாவாஸ்கிரிப்டை நேரடியாக அழைக்கும் வழியை மூடியது, 2019-இன் 0.19.1-க்குப் பிறகு வெளியீடுகள் ஏறக்குறைய நின்றுபோயின. மொழி மோசமானதல்ல. முடிவெடுக்கும் கை ஒன்றாக இருந்தால், அதன் விருப்பமே உங்கள் வழி.

கருவிகளை உடைத்துப் பாருங்கள்

எடிட்டரில் வண்ணம் தெரிகிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். வேண்டுமென்றே நினைவகக் கசிவு ஒன்றை எழுதி, அந்த மொழியின் கருவிகளை மட்டும் வைத்து எந்த வரியில் கசிகிறது என்று கண்டுபிடியுங்கள். வெளியீட்டு பில்டில் கிராஷ் ஒன்றை வரவழைத்து, பிழைத் தடத்தில் கோப்புப் பெயரும் வரி எண்ணும் வருகின்றனவா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று தோற்றாலும், புரொடக்‌ஷன் சிக்கல்களில் நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவீர்கள். ஒரு வரி மாற்றிவிட்டு மறுபடி கட்ட எவ்வளவு நேரம் என்பதையும் அளங்கள். பத்து விநாடிக்கு மேல் போனால் ஆட்கள் டெஸ்ட் ஓட்டுவதைத் தள்ளிப்போடத் தொடங்குவார்கள்.

ஆட்கள்

மொழி தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணாதீர்கள். மற்றவர் எழுதியதைப் படித்துத் தவறு கண்டுபிடிக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இரண்டுக்குக் குறைந்தால் தொடங்க வேண்டாம்; ஒருவர் விடுப்பில் போனால் சேவையே அனாதையாகிவிடும். மூன்று பேர் இருந்தால் நல்லது.

கற்கும் காலம் மொழிக்கு மொழி வேறுபடும். கோவின் இலக்கணம் ஒரு வாரத்தில் கைக்கு வரும். ரஸ்டில் உரிமை, கடன் விதிகள் பிடிபடும்வரை முதல் சில வாரங்கள் கம்பைலரோடு மல்லுக்கட்டுதான். அந்தக் காலத்தில் வேலையின் வேகம் பாதியாகும் என்று திட்டமிடுங்கள்.

புதிய மொழியில் பழைய மொழியை எழுதுவதுதான் இன்னும் ஆழமான ஆபத்து. ஜாவாவிலிருந்து கோவுக்கு வருபவர், எக்ஸப்ஷன் தானாக மேலே போகும் என்ற பழக்கத்தில், திரும்பி வரும் பிழை மதிப்பை அடிக்கோடு போட்டுத் தள்ளிவிடுவார். பிழை சத்தமில்லாமல் புதைந்துபோகும். கோரூட்டினை (கோவில் இணையாக ஓடும் சிறு வேலையை)த் தொடங்கிவிட்டு அதை நிறுத்தும் வழி வைக்காததால் நினைவகம் மெல்ல மெல்ல ஏறும். ரஸ்டில் கம்பைலரை அமைதிப்படுத்த எங்கும் குளோன் (தரவின் நகல்) போட்டால், எந்த வேகத்துக்காக வந்தோமோ அதை இழந்துவிடுவோம். ரஸ்டின் முழு எண் வரம்பு மீறினால் டீபக் பில்டில் நிரல் நிற்கும், வெளியீட்டு பில்டில் இயல்பாக எண் சுற்றிக்கொண்டு தொடரும். இதை அறியாதவர் டெஸ்டில் பார்த்ததையே புரொடக்‌ஷனிலும் எதிர்பார்ப்பார். கோட்லினில் நல் (null, வெற்று மதிப்பு) பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பி ஜாவா லைப்ரரியை அழைத்தால், அங்கிருந்து வரும் மதிப்புக்கு அந்தச் சோதனை கட்டாயமில்லை. முதல் மூன்று மாதம், அந்த மொழியில் அனுபவமுள்ள ஒருவர் வாரம் சில மணி நேரமாவது நிரலைப் படித்துத் திருத்த ஏற்பாடு செய்யுங்கள்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களை நம்பிக் கணக்குப் போடுபவர்களுக்கு ஒன்று. அவை பயின்றது இணையத்தில் கிடக்கும் நிரல்களை வைத்து. பைத்தானிலும் ஜாவாவிலும் அது கடல். இளம் மொழியில் குட்டை, அதிலும் பாதி பழைய பதிப்பின் எழுத்து முறை. இல்லாத ஃபங்ஷனை அவை உறுதியோடு எழுதித் தரும். நல்ல கம்பைலர் உள்ள மொழியில் அது உடனே பிடிபடும், ஓடும்போதுதான் பிழை தெரியும் மொழியில் பிடிபடாது.

பத்து வேலை நாள் ஒத்திகை

இதுவரை தேறிய மொழியில், உங்கள் நிரலின் மிக அசிங்கமான துண்டை எடுத்து எழுதுங்கள். செய்ய வேண்டியவை பட்டியல் போன்ற பயிற்சி ஆப் எந்த மொழியிலும் அழகாகத்தான் வரும். விநோத வடிவத்தில் வரும் பழைய கோப்பு, பாதியில் அறுந்துபோகும் வெளிச் சேவை, பட்டியலில் சிவப்பாகக் குறித்த லைப்ரரி ஆகியவை அந்தத் துண்டில் இருக்க வேண்டும்.

முதல் இரண்டு நாள் பில்டும் டெஸ்டும் சர்வரில் ஏற்றும் டிப்ளாயும் முழுச் சங்கிலியாக ஓடும்வரை. உள்ளே ஒரு வரி நிரல் போதும். இது இரண்டு நாளில் முடியவில்லை என்பதே ஒரு விடை. அடுத்த ஐந்து நாள் துண்டை எழுதுங்கள், இருவர் சேர்ந்து. கடைசி மூன்று நாள் அதை வதைக்க: நெட்வொர்க்கை அறுங்கள், பத்து மடங்கு சுமை கொடுங்கள், 24 மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு நினைவகக் கோட்டைப் பாருங்கள். அதே துண்டைப் பழகிய மொழியில் எழுத இன்னொருவருக்கு மூன்று நாள் கொடுங்கள். ஒப்பிட எதிர்ப்பக்கம் இல்லாத அளவீடு முடிவுக்கு உதவாது.

குறிக்க வேண்டியவை: சராசரி அல்ல, நடு மதிப்பும் 99-ஆவது சதமான தாமதமும் (நூற்றில் 99 கோரிக்கைகள் முடியும் நேரம்), உச்ச நினைவகம், பில்டு நேரம், ஒரு மணி நேரத்துக்கு மேல் சிக்கிக்கொண்ட தடவைகள், ஒவ்வொன்றுக்கும் காரணம் ஒரு வரியில். கடைசியாகச் சொன்னதுதான் பிற்பாடு அதிகம் பேசும். சிக்கியவை மொழியைக் கற்பதால் வந்தவையானால் குறைந்துகொண்டே போகும். லைப்ரரி இல்லாததாலும் கருவி உடைந்ததாலும் வந்தவையானால் குறையாது.

அளவீட்டில் வழக்கமாக நடக்கும் பிழைகள்: ரஸ்ட் நிரலை வெளியீட்டு முறையில் கட்டாமல் ஓட்டிவிட்டு மெதுவாக இருக்கிறது என்பது; ஜாவா இயந்திரம் சூடாகும் (ஓடும்போதே நிரலை வேகப்படுத்தும்) முன் முதல் சில விநாடிகளை அளப்பது; லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது அளப்பது; ஒரு பக்கம் கனெக்‌ஷன் பூல் 10, மறுபக்கம் 100 என்று விட்டுவிடுவது. கடைசியாகச் சொன்னது மொழிகளின் வேறுபாடு போலவே தோற்றமளிக்கும்.

நுழைவதும் வெளியேறுவதும்

புதிய மொழி என்று முடிவானால் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். உள்ளே பயன்படும் கட்டளைவரிக் கருவி, இரவில் ஓடும் ஒரு வேலை, தனி புராசஸாக நிற்கும் ஒரு சேவை. எல்லை எச்டிடிபி அல்லது செய்தி வரிசையாக இருக்கட்டும். அப்போது அந்தப் பெட்டியை மட்டும் மாற்றி எழுத முடியும். கோட்லினும் ஜாவாவும், டைப்ஸ்கிரிப்டும் ஜாவாஸ்கிரிப்டும், ஸ்விஃப்டும் ஆப்ஜெக்டிவ் சியும் ஒரே புராஜெக்டில் கோப்புக் கோப்பாகக் கலந்து வாழும், அந்த இணைகளில் இடர் மிகக் குறைவு. லினக்ஸ் கெர்னல்கூட 2022 டிசம்பரின் 6.1 பதிப்பில் ரஸ்டை அனுமதித்தபோது அடிப்படை ஏற்பாட்டை மட்டும் கொண்டுவந்து, பிறகே டிரைவர்களுக்குப் போனது.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலை மொத்தமாகத் திருப்பி எழுதாதீர்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால், மொழி மாற்றத்தோடு புது வசதிகளைக் கலக்காதீர்கள். இரண்டும் கலந்தால், பழையதும் புதியதும் வேறு வேறு விடை தரும்போது அது பிழையா, புது வசதியா என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய சேவைக்கு வரும் கோரிக்கைகளின் நகலைப் புதியதற்கும் அனுப்பி, விடைகளை மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டு வாரம் வேறுபாடின்றி ஓடிய பிறகு மாற்றுங்கள்.

சேமிக்கும் தரவு எந்த மொழிக்கும் சொந்தமில்லாத வடிவில் இருக்கட்டும். தரவைச் சேமிக்கும் சொந்த முறைகளான ஜாவாவின் சீரியலைசேஷன், பைத்தானின் பிக்கிள் இரண்டும் அந்தந்த மொழிக்குள் பூட்டிவிடும், வெளியார் தரவைப் படிக்கும்போது பாதுகாப்பு ஆபத்தும் கூட. ஜேசன், புரோட்டோபஃப், சாதாரண டேட்டாபேஸ் அட்டவணை எதுவானாலும் சரி. தரவு பூட்டப்படாதவரை, ஐயாயிரம் வரிக்குள் இருக்கும் சேவையை அனுபவமுள்ள இருவர் ஓரிரு மாதத்தில் வேறு மொழியில் எழுதிவிடலாம். ஐம்பதாயிரம் வரியைத் தாண்டினால் அந்தக் கதவு அநேகமாக மூடிவிடும். ஆகவே எத்தனை வரியில் மறுபரிசீலனை என்பதை முன்பே குறித்துவையுங்கள்.

முடிவை ஒரு பக்கத்தில் எழுதி நிரலோடு அதே ரெப்போவில் போடுங்கள்: அந்த ஒற்றைக் காரண வாக்கியம், வண்ணமிட்ட பட்டியல், ஒத்திகை எண்கள், ஆறு மாதம் தள்ளி ஒரு தேதி, பின்வாங்கும் நிபந்தனைகள். நிபந்தனைகள் எண்ணத்தக்கவையாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, கம்பைலர் பதிப்பு ஏற்றம் தொடர்ந்து இருமுறை மூன்று நாளுக்கு மேல் எடுத்தால்; மஞ்சள் லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை முப்பது நாள் திருத்தமின்றிக் கிடந்தால்; நிரலைச் சரிபார்க்கத் தெரிந்தவர்கள் இரண்டுக்குக் கீழே இறங்கினால். அந்தத் தேதியை நாட்காட்டியில் போடும்போது, ஒத்திகையில் பழகிய மொழியின் பக்கம் நின்று எழுதியவரையும் அழையுங்கள்.